பயறு தின்னிகள்

அன்பு மகன் மோதிபோவுக்கு, பமாக்கோவிலிருந்து அம்மா எழுதுவது. நீ நலம்தானே, பாரிஸ் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. எனக்கு முழங்கால் வலி தவிர உடம்பில் குறையில்லை, ஆனால் இந்த ஊரைப் பார்த்தால் குமட்டிக்கொண்டு வருகிறது. உன் தம்பி லாசீனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் ஒன்பது நாளாகிறது. பதறாதே, உயிரோடுதான் இருக்கிறான், முழுதும் படி.

நம் பக்கத்து வீட்டு வாத்தியார் சூமனா ஜாராவும் லாசீனின் மாணவர் சங்கத்துப் பையன்களும் இரண்டு வருஷத்துக்கு முன் தோளோடு தோள் நின்று நாட்டை ஆண்ட அந்த ராணுவக்காரனை விரட்டினவர்கள்தானே. இப்போது வாத்தியார் இடைக்காலக் குழுவில் உட்கார்ந்துகொண்டு, பழைய அதிகாரிகளை ஒரேயடியாகத் துரத்த முடியாது, பேசித்தான் தீர்க்க வேண்டும் என்கிறார். சங்கத் தலைவன் சேய்து திராவோரேயோ, பொறுக்கச் சொல்கிறவன் எல்லாம் துரோகி என்கிறான். போன வாரம் செவ்வாய்க்கிழமை நட்ட நடுப்பகலில் அறுபது பையன்கள் மண்ணெண்ணெயோடு வாத்தியார் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் கையில் அகப்பையோடு ஓடிப்போய் வாசலை மறித்து, "டேய் பயறு தின்னிகளா, வயித்தப் புடிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போங்கடா" என்று கத்தினேன். பாட்டன் காலத்துக் கேலி முறைப்படி, என்னைப் போல ஜாரா குலத்தில் பிறந்த பெண் அப்படி ஏசினால் திராவோரே குலத்தான் சிரித்தாக வேண்டும், அவள் குறுக்கே நின்றால் கையை இறக்கியாக வேண்டும், திராவோரேயான உன் அப்பா ஆயுசு முழுக்க அப்படித்தான் என்னிடம் தோற்றார். பாதிப் பேர் சிரித்தும் விட்டார்கள். சேய்து மட்டும், "அந்த வேடிக்கையெல்லாம் பழைய ஆட்சியோட போச்சு, நகரும்மா" என்று என்னைத் தள்ளிவிட்டான். மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் வந்தது யார் தெரியுமா, நம் லாசீன். என் முகத்தைப் பார்க்கவில்லை. வீடு எரிந்தது, வாத்தியார் பின்கதவு வழியாகப் பிழைத்தார்.

மறுநாள் லாசீனையும் சேர்த்து நாலு பையன்களைப் பிடித்தார்கள், சேய்துவை யாரும் தொடவில்லை. நான் வாத்தியாரிடம் போய், லாசீனுக்காகப் போலீஸிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கெஞ்சினேன். "நான் இப்ப பொறுப்புல இருக்கேன், தாயி, சட்டம் அதன் வழியில போகணும்" என்றார். சட்டம் போன வழியைத்தான் வெள்ளிக்கிழமை டிவியில் பார்த்தேனே! அவரும் சேய்துவும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், சமாதானமாம். "வாடா பயறு தின்னி" என்கிறார் இவர், "நீதான்யா பானையோட முழுங்கினவன்" என்கிறான் அவன், மண்டபமே கைதட்டுகிறது. இவருக்கு மந்திரி பதவி, அவனுக்கு வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை. இரண்டு முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து போய்க் காறித் துப்பினேன்.

நேற்று லாசீனுக்குப் பயறு வேகவைத்துக் கொண்டுபோனேன். கம்பிக்கு வெளியே நின்று, சின்ன வயதில் சொல்வதுபோல, "தின்னுடா பயறு தின்னி" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "அந்த வழக்கம் முடிஞ்சுபோச்சுன்னு நாங்கதானேம்மா சொன்னோம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நான் பெற்ற பிள்ளை செய்தது தப்புதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் டின்னைத் தூக்கியவன் மட்டும் உள்ளே கிடப்பதை என் வயிறு ஏற்கவில்லை.

இன்று காலை சேய்து, மன்னிப்புக் கேட்கிறவன் முறையாகக் கொண்டுவரும் பத்துக் கோலாக் கொட்டையோடு வந்தான். "பழசை மறந்துடும்மா, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றவன், அடுத்த மூச்சிலேயே பாரிஸில் உன் விலாசம் கேட்டான், இடம் கிடைக்கும்வரை உன் அறையில் தங்க வேண்டுமாம். கோலாவை வாங்கினால் மன்னித்ததாகிவிடும், அதை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன், விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

இறைவன் உனக்கு நல்ல ஆயுளும் நிலையான வேலையும் தரட்டும், வேளைக்குச் சாப்பிடு, லாசீனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. சேய்து வந்து தட்டினால் கதவைத் திற, திராவோரே வீட்டில் திராவோரேவுக்குச் சோறில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. தட்டு நிறையப் பயறு போடு. அவன் வாயில் வைக்கும் ஒவ்வொரு கவளத்துக்கும், "என் தம்பி எங்கே?" என்று கேள்.

உன் அம்மா,
அசித்தான் ஜாரா