ரேவதி என்கிற ரூத்

ஜூன் 3, செவ்வாய்

விடாத மழை. கடைக்கூரை ஒழுகல். பிரிண்டர் மேல் பாலிதீன் போர்த்தியாயிற்று. காலையிலேயே பெயர் மாற்றம் நாலு, தீவுவாசி என்று காட்டும் ஐலண்டர் கார்டுக்கு மூன்று அஃபிடவிட். சர்க்கார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து இருபது வருடமாக ஊரார் சத்தியங்களை டைப் அடிக்கிறேன். இந்தத் தீவில் ஒருத்தருக்கும் ஒரே ஊர் இல்லை. இன்று வந்த பெரியவர் தன் அப்பா பிறந்த ஊரை மூன்று விதமாகச் சொன்னார். "ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க, அடிச்சுட்டா அதுதான் உண்மை" என்றேன்.

சாயங்காலம் ரேவதி: "அம்மா, என் பர்த் ஸ்லிப் எங்க?"

பிளஸ் டூ முடித்தாயிற்று. நர்ஸிங் படிக்க ஆசை. தாய் நிக்கோபாரி என்று நிரூபித்தால் பழங்குடி ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும் என்று எவளோ தோழி ஓதியிருக்கிறாள். இந்த மாதக் கடைசிக்குள் சர்டிபிகேட் வேண்டுமாம்.

"கரையான் தின்னுடுச்சு" என்றேன்.

தின்னவில்லை. பீரோவில், என் கல்யாணப் புடவைக்கு அடியில்.

ஜூன் 4

கொஞ்சம் வெயில். வேலை குறைவு. யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவைக்கிறேன்.

ரேவதி நான் பெற்ற பிள்ளை இல்லை. தம்பி செல்லையாவின் மகள். சுனாமிப் பேரலைக்குப் பிறகு கார் நிக்கோபாரில் வீடு கட்ட மேஸ்திரியாகப் போனவன், அங்கேயே ஆக்னஸ் என்ற நிக்கோபாரிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். எங்கள் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் குறைச்சலாக இருந்தது. தாத்தா திருச்சிப் பக்கம், சிலோன் மலைக்குத் தேயிலைக் கூலியாகப் போனவர். அப்பா பிறந்தது அங்கே. "நீ இந்தியாக்காரன், போ" என்று அனுப்பிவிட்டார்கள். வந்து சேர்ந்தது கச்சால் தீவு, ரப்பர் பால் வெட்ட. இங்கே பெயர் "சிலோன்காரன்". நான் போர்ட் பிளேரில் ஒரு திருநெல்வேலி குமாஸ்தாவுக்கு வாழ்க்கைப்பட்டேன். முதல் நாள் "தேத்தண்ணி" என்றேன், மாமியார் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரே மாதத்தில் டீ ஆக்கிக்கொண்டேன். பிள்ளை இல்லை. அந்த மனுஷனும் மெயின்லேண்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர்தான்.

செல்லையா காய்ச்சலில் செத்தபோது கப்பலேறிப் போனேன். குழந்தைக்கு ஐந்து வயசு, பெயர் ரூத். படிக்க வைக்கிறேன் என்று இங்கே போர்ட் பிளேர் ஷாதிபூருக்குக் கூட்டி வந்தேன். ஸ்கூலுக்கு அஃபிடவிட் நானே அடித்தேன். பெயர்: ரேவதி. தாய்: கனகம், அதாவது நான். அரைமணி நேரத்தில் இரண்டு பேருக்கும் புது ஜென்மம். நிக்கோபாரி வார்த்தை வந்தால் வாயில் மிளகாய். ஆறு மாதத்தில் சுத்தமாக மறந்தாள். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி அவளைப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாது.

டிசம்பர் வந்தால் ஆக்னஸ் போன். கிறிஸ்மஸுக்குப் புள்ளைய அனுப்புங்க மதினி. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "லீவு வரட்டும், பார்க்கலாம்." பதிமூன்று டிசம்பர் ஓட்டிவிட்டேன்.

ஜூன் 7, சனி

தோசைமாவு புளித்துவிட்டது. கேஸ் சொல்ல வேண்டும்.

ரேவதி என்னைக் கேட்காமல் ஆக்னஸுக்குப் போன் செய்திருக்கிறாள். ஆக்னஸ் இங்கே வரக் கப்பலேறிவிட்டாளாம். "எத்தனை நாளா பேசுறே?" என்றேன். "பத்தாவதுலேர்ந்து." முகத்தில் ஒரு சலனம் இல்லை. திருட்டுக் கழுதை. என் பிள்ளைதான்.

ஜூன் 9

ஆக்னஸ் வந்தாள். சொட்டச் சொட்ட நனைந்து, கையில் இரண்டு மூட்டை. ஒன்றில் தாழம்பழக் களி, இன்னொன்றில் சுட்ட பன்றிக்கறி. வாசலில் நின்றபடி, "சொகமா இருக்கீங்களா மதினி? என்னாத்துக்கு இப்புடி எளச்சிப் போனீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே செல்லையா பேச்சு. அப்பா பேச்சு. நான் முப்பது வருடமாகத் தேய்த்துக் கழுவிய பேச்சு, இவள் வாயில் உட்கார்ந்திருக்கிறது.

வராந்தாவில் பாய் போட்டேன். தட்டு தனி. ரேவதி தன் தட்டையும் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் உட்கார்ந்தாள்.

மூட்டைகளை ஸ்கூட்டியில் வைத்து மின்னி பே வரை போய்க் கடலில் எறிந்தேன். திரும்பி வந்து, "கெட்டுப்போச்சு" என்றேன். ஆக்னஸ் என் செருப்பு மணலைப் பார்த்தாள். "கப்பல்ல அம்புட்டு நேரம். கெட்டுத்தான் போயிருக்கும் மதினி" என்றாள்.

கத்தியிருந்தால் தேவலை.

ஜூன் 10

காலை ஆறு. அடுப்படியிலிருந்து குரல்: "தேத்தண்ணி ஊத்தவா மதினி?"

"இந்த வீட்ல டீன்னுதான் சொல்வோம்."

"அவரு சொல்லிக் குடுத்ததுங்க. எனக்கு வேற தமிழ் தெரியாது."

குடித்தேன். அம்மா போடுகிற மாதிரி, சீனி அள்ளிக் கொட்டி. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம்தான் வந்தது.

ஜூன் 11

ஆக்னஸ் விஷயத்துக்கு வந்தாள். அவர்கள் கிராமத்துக் கேப்டன், அதாவது ஊர்த்தலைவர், கடிதம் தருவார், பிள்ளையை நேரில் பார்க்க வேண்டுமாம். அதற்கு முன் ஸ்கூல் ரெக்கார்டில் என் பெயர் இருந்தாலும் தாய் நான் இல்லை என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும்.

"பொய்ச் சத்தியம் பண்ணினேன்னு நானே எழுதிக் குடுக்கவா? நாளைக்கு என்கிட்ட எவன் டைப் அடிக்க வருவான்?"

"புள்ள படிக்கணும் மதினி."

"எந்தப் புள்ள? உன் பாஷைல தண்ணி கேக்கத் தெரியாது அவளுக்கு. எங்கே, பேசு பார்ப்போம்."

ஆக்னஸ் ரேவதி பக்கம் திரும்பி நிக்கோபாரியில் ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம். ரேவதி விழித்தாள். ஆக்னஸ் மறுபடி மெதுவாகச் சொன்னாள். ரேவதி உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆக்னஸ் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதை எழுதுகிறேன்.

ஜூன் 14, சனி

கடையிலிருந்து வந்தால் பீரோ திறந்து கிடக்கிறது. கட்டிலில் என் கல்யாணப் புடவை. ரேவதி கையில் ஸ்லிப். குழந்தை பெண், தாய் ஆக்னஸ், தகப்பன் செல்லையா.

"கரையான் நல்லா மடிச்சு வச்சிருக்கும்மா" என்றாள்.

"உன்னை விட்டுட்டு நான் எங்கேடி போவேன்?" எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"நீ கையெழுத்துப் போடலேன்னா சீட்டும் போகும், நானும் போவேன். போட்டா சீட்டாவது மிஞ்சும்."

என் நாக்கு. நான் வளர்த்த நாக்கு.

ஜூன் 16, திங்கள்

கடையில் கூட்டம். கீபோர்டில் கை வைத்தேன், ஓடவில்லை. ரேவதி, "எழுந்திரி" என்றாள். நான் சொல்லிக் கொடுத்த பத்து விரல். திரையைப் பார்க்காமலே அடித்தாள்: ரேவதி என்கிற ரூத் என் மகள் அல்ல, என் தம்பியின் மகள், முன்பு நான் கொடுத்த வாக்குமூலம் தவறானது. ஒரு பிழையாவது இருக்காதா என்று இரண்டு தடவை படித்தேன். இல்லை. போட்டேன்.

அப்புறம் ஆபீஸ். அதிகாரி என்னைக் காட்டி அவளிடம் ஹிந்தியில் கேட்டார், இவர் உனக்கு என்ன வேண்டும்?

"பூவா" என்றாள். அத்தை. ஒரு நொடி யோசிக்கவில்லை.

இத்தனை வருடம் இவரிடம் ஏன் இருந்தாய்?

"படிக்க வைத்தார்."

ஹாஸ்டல் வார்டனைச் சொல்வது போல. நான் பேனா மூடியைத் தேடினேன், என் கையிலேயே இருந்தது.

ஜூன் 19

துறைமுகம். கேப்டனிடம் காட்ட ரேவதியை ஆக்னஸ் கூட்டிப் போகிறாள். நல்ல காற்று. கப்பல் கிளம்பாது என்று நினைத்தேன், கிளம்பியது. என்னால் போக முடியாது. பழங்குடிப் பகுதி, வெளியாளுக்குப் பாஸ் வேண்டும். போன வாரம் வரை அவளுக்கும் பாஸ் வேண்டும் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

ஆக்னஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாசு எடுத்துக்கிட்டு வாங்க மதினி. எங்க லயத்துல எடம் இருக்கு."

வரிசைத் தகர வீட்டுக்கும் அதே தேயிலைத் தோட்டப் பேச்சு, லயம். "அந்தக் கொட்டகையிலயா?" என்று சொல்லிவிட்டேன். ரேவதி காதில் விழுந்தது. பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். கையாட்டினாளா என்று தெரியவில்லை, மழை.

வரும் வழியில் பால், பச்சைமிளகாய். ஒரு ஆளுக்கு எவ்வளவு சோறு வடிப்பது?

ஜூன் 26

சர்டிபிகேட் கிடைத்துவிட்டதாம். சீட்டுக்குப் பணமும் ஆக்னஸே நேரில் வந்து கட்டுவாளாம், ஹாஸ்டலும் கேட்டாயிற்றாம். செய்தி எனக்கு வரவில்லை, கப்பலில் வந்த ஒரு கஸ்டமர் சொன்னான். கேப்டன் அவளைப் பாஷை பேசச் சொல்லவே இல்லையாம். முகத்தைப் பார்த்துவிட்டு, "செல்லையா மேஸ்திரி மகளா?" என்று கேட்டாராம், அவ்வளவுதான். அவர் வீட்டுச் சுவர் செல்லையா கட்டியதாம்.

பாஷையைப் பிடுங்க நான் பட்ட பாடெல்லாம் தண்டம்.

ஜூன் 28, சனி

மழை. பாஸ் ஃபாரம் எனக்கு நானே அடித்தேன். போகும் காரணம்: குடும்பத்தைப் பார்க்க. உறவு: அத்தை. யார் வீட்டில் தங்குகிறேன், அவர்கள் சம்மதக் கடிதம் இணைக்க வேண்டும்.

காலையில் ரேவதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "உங்கம்மாகிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்பு கண்ணு. நான் வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன். தேத்தண்ணி குடிச்சிட்டு." கடைசி வார்த்தைகளை அழித்தேன், திரும்ப அடித்தேன்.

மத்தியானம் வரை ஒரு டிக். மூன்று மணிக்கு நீலம்.

நாலரைக்குப் பதில்:

"லீவு வரட்டும் அத்தை, பார்க்கலாம்."