ஒரே எண்ணில் இரண்டு பேர்

2-6-1997, திங்கள்

புது பேட்ச் இன்று தொடங்கியது. மழையும் இன்றே பிடித்துக்கொண்டது. பாறசாலை ஜங்ஷனில் இறங்கி கம்ப்யூட்டர் சென்டர் மாடிப்படி ஏறுவதற்குள் குடை இருந்தும் தொப்பலாக நனைந்தேன்.

பிள்ளைகளுக்கு யூனிக்ஸ் மெஷினில் கணக்கு திறந்து கொடுத்தேன். அதற்கென்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு உயிரை வாங்கும். நான் நேராகப் பாஸ்வேர்டு பைலையே திறந்துவிடுவேன். அதில் ஆளுக்கு ஒரு வரி: பெயர், அவருக்கான எண், அவருடைய பைல்கள் இருக்கும் டைரக்டரி. ஒரு வரியைக் காப்பி எடுத்துக் கீழே ஒட்டி, பெயரையும் எண்ணையும் மாற்றினால் அடுத்த ஆள் தயார். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தாலுகா கச்சேரி குமஸ்தாக்கள். ஒன்றைப் பார்த்து அப்படியே பகர்த்தி எழுதுவதில் நமக்குத் தப்பு வராது.

எல்லாம் முடிந்தபிறகு முதலாளி ஜெயச்சந்திரன் தன் தங்கை மகன் அனூப்பைக் கூட்டி வந்தார். "இவனையும் சேத்துக்க, சிவதாணு." கரண்ட் வேறு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கடைசியில் இருந்த விமலகுமாரியின் வரியைக் காப்பி எடுத்து, அவசரமாக அவனுக்கும் ஒன்று போட்டேன்.

9-6-1997

அனூப் எழுந்து நின்று, "சாறே, நான் யாருன்னு கேட்டா மெஷின் விமலகுமாரின்னு சொல்லுது" என்றான். கிளாஸே சிரித்தது. நான் விமலகுமாரியைத்தான் சத்தம் போட்டேன். லாக்அவுட் செய்யாமல் எழுந்து போனால் அடுத்து உட்காருகிறவனுக்கு இப்படித்தான் வரும் என்றேன்.

"நான் செய்தேன் சார்" என்றாள்.

செய்திருக்க மாட்டாள்.

21-7-1997

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி நம் சென்டரில் இருந்து ஒரே ஒரு பெயர் கேட்டிருக்கிறது. தேர்வு முடிந்ததும் அனுப்ப வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விமலகுமாரிதான். குன்னத்துகாலில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். வீட்டில் இழுப்பு நோய்க்கார அம்மா மட்டும். நான் சொல்லாததையும் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டு மடக்குகிறாள்.

அவளிடமே சொல்லியும் விட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வீட்டில் வந்து மனைவி ஸ்ரீகலாவிடம் சொன்னால், "பேப்பரு திருத்துததுக்கு முன்னாலயே மார்க்கு போட்டாச்சா?" என்று கேட்கிறாள். இவளுக்கு எல்லாம் கேலி.

18-8-1997, திங்கள்

நாளைக்குத் தேர்வு. வினாத்தாளின் காப்பி எல்லாருக்கும் பொதுவான டைரக்டரியில் கிடக்கிறது. யாரோ பிரிண்ட் எடுத்துவிட்டு அழிக்க மறந்திருக்க வேண்டும். வினாத்தாள் இருந்த என் டைரக்டரியை நான்தான் பூட்டாமல் வைத்திருந்தேன், அது வேறு விஷயம்.

யாருடைய பைல் என்று மெஷினிடம் கேட்டேன். விமலகுமாரி. சனிக்கிழமை மத்தியானம் எடுத்தது.

இவளா? இவளுக்கு எதற்கு? நானாக வாயைத் திறந்து வேலையைச் சொன்னேனே, அந்த ஆசையா?

19-8-1997

எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டேன். கோபத்தில் திருட்டு என்ற வார்த்தை வந்துவிட்டது.

"சனியாழ்ச்ச நான் வரவேயில்ல சார். அம்மைய நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்."

"பைல் உன் பேரைச் சொல்லுதே, அது பொய் சொல்லுமா?" என்றேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நம்பியவள் இப்படிச் செய்தால் வலிக்காதா? வலிக்கிறது. வேறு கேள்வித்தாள் போட்டு மற்றவர்களுக்குத் தேர்வு நடத்தினேன்.

29-8-1997

கம்பெனிக்கு அனூப்பின் பெயர் போயிற்று. ஜெயச்சந்திரன் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

20-9-1997, சனி

ஓணம் விடுமுறை முடிந்து பழைய பேட்ச் கலைந்துவிட்டது. விமலகுமாரியின் கணக்கை எடுத்துவிடச் சொல்லியிருந்தார் ஜெயச்சந்திரன். பாஸ்வேர்டு பைலைத் திறந்து அவள் வரியை அழித்தேன். சாட்சிக்கு வைத்திருந்த அந்த வினாத்தாள் காப்பியை ஒருமுறை பார்த்தேன். ஆளை எடுத்துவிட்டால் பெயர் இருந்த இடத்தில் வெறும் எண் நிற்க வேண்டும்.

அனூப் என்று நின்றது.

பைலைத் திரும்பத் திறந்து பார்த்தேன். அனூப்பின் வரியில் விமலகுமாரியின் எண். ஜூன் மாதம் காப்பி எடுத்தபோது பெயரை மாற்றினேன், எண்ணை மாற்றவில்லை. மெஷினுக்கு ஆள் என்றால் எண்தான். பெயர் கேட்டால் மேலே இருந்து தேடி, அந்த எண் உள்ள முதல் வரியில் நின்றுவிடும். இத்தனை நாளும் அனூப் செய்ததற்கெல்லாம் அவள் பெயரைச் சொல்லியிருக்கிறது.

யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவு தனியாக உண்டு. அதை இன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அனூப் மட்டும்தான். விமலகுமாரி வரவே இல்லை.

அட பாவி, அவன் அன்றைக்கே சொன்னானே. விளையாட்டாகத்தான் சொன்னான், ஆனால் சொன்னான். நான் அவளையல்லவா ஏசினேன்.

அவள் வரியைத் திரும்பச் சேர்த்து, அனூப்புக்கு வேறு எண் போட்டேன். அது ஒரு நிமிஷ வேலை.

22-9-1997

ஜெயச்சந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டார்.

"தப்பு ஒனக்க கையில வந்ததாக்கும். எனக்க மருமகன எதுக்கு இழுக்கே? அந்தப் பிள்ளைக்குத் தனியா டெஸ்டு வச்சு சர்டிபிகேட் குடு. கம்பெனியில இனி மாத்திச் சொன்னா சென்டருக்க பேரு போவும்."

வாயை மூடிக்கொண்டு வந்தேன். இங்கே வேலை போனால், இந்தச் சுற்றுவட்டாரத்தில் யூனிக்ஸ் மெஷின் இருக்கிற வேறு சென்டர் கிடையாது. வெட்கமாக இருக்கிறது. டெஸ்ட் வைக்கவும் மனம் வரவில்லை. அவளுக்கு நான் எதை டெஸ்ட் செய்ய? சர்டிபிகேட்டை எழுதிவிட்டேன்.

28-9-1997, ஞாயிறு

குன்னத்துகால் போனேன். ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த கொடிக்கு அந்தப் பக்கம் வீடு. அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கட்டன் சாயா கொடுத்தாள். விமலகுமாரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண் கதையைச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டாள், நான் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே.

"எல்லாருக்க முன்னாடியும் கள்ளின்னு சொன்னிய. இப்ப தனியா வந்து இல்லன்னு சொல்லுதிய."

சாயா டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அன்னு நான் வரல்லன்னு சொன்னேன் சார். நிங்க மெஷினத்தான் பாத்திய. எனக்க மொகத்தப் பாக்கல்ல."

சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை. அந்த வேலை பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

13-10-1997

அனூப் வேலையில் சேர்ந்துவிட்டான். சென்டருக்கு லட்டு கொண்டுவந்தான். ஒன்றை எடுத்துத் தின்றேன்.

2-12-1997

ஸ்ரீகலா இன்று கேலி செய்யவில்லை. "இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்கதுக்கு, அந்தக் கம்பெனிக்கு நிங்களே ஒரு போன் பண்ணினா என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

10-12-1997, புதன்

பாறசாலையில் பேசினால் சாயங்காலத்துக்குள் ஜெயச்சந்திரன் காதுக்குப் போய்விடும். அதனால் மாநில எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போய், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் ஏறினேன்.

கவுண்டரில் விமலகுமாரி இருந்தாள்.

என்னைப் பார்த்தாள். "நம்பர் சொல்லுங்க" என்றாள்.

என் வாயில் வேறு ஏதேதோ வந்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள். நம்பரைச் சொன்னேன். கூண்டின் கதவு சரியாக மூடவில்லை. கம்பெனி மேனேஜரிடம் பேசினேன். நாங்கள் அனுப்பியிருக்க வேண்டிய பெயர் விமலகுமாரி, தப்பு என்னுடையது, அவளுக்கு ஏதாவது இடம் உண்டா என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆள் எடுத்து முடிந்துவிட்டதாம். அனூப் நன்றாக வேலை செய்கிறானாம். இனிமேல் எப்போது எடுப்பார்கள் என்று சொல்ல முடியாதாம்.

வெளியே வந்தேன். மெஷினில் இருந்து வந்த பில் துண்டுச்சீட்டைக் கிழித்துக் கையில் தந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் எல்லாரிடமும் பேசுகிற குரல்தான்.

"வேற நம்பர் உண்டா சார்?"

இல்லை என்றேன்.