கீழ்ப்படியில் கிடைத்த சோடா மூடி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம், அவள் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே உன் கையாவது நலம் என்று தெரிகிறது, இல்லாவிட்டால் அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. ஏரிக்கரையில் கட்டப்போகும் பள்ளி விடுதிக்கான மண் அறிக்கையைத்தான் சொல்கிறேன், உன் தம்பி கொண்டுவந்து காட்டினான். விடுதி வரப்போகும் கரைச்சரிவின் கீழ்ப்படி மண் பல ஆயிரம் வருடப் பழசு, ஏரி இனி அதுவரை ஏறாது, தாராளமாகக் கட்டலாம் என்று எழுதி அடியில் நீ கையெழுத்திட்டிருக்கிறாய்.

உங்கள் அலுவலகம் மண் பார்க்க அனுப்பிய மூக்குக்கண்ணாடிக்காரர் குழி எடுத்த லட்சணத்தை அம்மா நேரில் பார்த்தாள். ஏரி இறங்க இறங்க விட்டுப்போன மூன்று படிகளும் அவருக்கு ஒன்றுதான் போலிருக்கிறது. மேல்படி மழை கொழித்த காலங்களைப் பார்த்துச் சிவந்த களிமண், நடுப்படியில் மழை முழங்கால் ஆழத்துக்குமேல் இறங்காத வறட்சிக் காலம் சுண்ணாம்பு முடிச்சாகக் கிடக்கிறது, கீழ்ப்படி பச்சைக் குழந்தை, வெளிறிய மணல். முப்பது வருடம் மண் ஆய்வுத் துறைக்குக் குழி வெட்டிய எனக்குத் தெரிவது பட்டம் வாங்கிய அவருக்குத் தெரியவில்லை. வெயிலுக்குப் பயந்து, சரிவின் அடியில் மரநிழலாகப் பார்த்து வெட்டச் சொல்லியிருக்கிறார், ரோடு போட்டபோது மேல்படியிலிருந்து கரைந்து வந்த செம்மண் அங்கேதான் குவிந்திருக்கிறது. இடுப்பளவு வந்ததும், "போதும்பா, எவ்ளோ செவப்பு பாரு, இது பல ஆயிரம் வருஷம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாராம், மகா மேதை. நேற்று நான் மண்வெட்டியோடு போய் அதே குழியில் இன்னும் ஒரு முழம் இறங்கினேன். ஏரி மணல், நத்தை ஓடு, நடுவில் ஒரு சோடா மூடி. நாம் இந்த ஊருக்குக் குடிவந்தபின் அங்கே தண்ணீரைப் பார்த்ததில்லை, ஆனால் அதற்குச் சற்று முன்புவரை நின்றிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தியவர்கள் சோடா குடித்தார்கள் என்று அவரை ஓர் அறிக்கை எழுதச் சொல், அதற்கும் நீ கையெழுத்துப் போடுவாய்.

அந்த விடுதியில் தரையோடு தரையாக முப்பது பிள்ளைகள் படுப்பார்கள், தம்பி மகளும் ஒருத்தி. தண்ணீர் பக்கத்திலே என்று அவள் அம்மா தயங்கினாள். "அத்தையே கையெழுத்துப் போட்டிருக்காங்கம்மா, அப்புறம் என்ன பயம்" என்று அந்தக் குழந்தை தேற்றினாள். கண்ணாடிக்காரரைக்கூட விட்டுவிடலாம், பார்த்துவிட்டுத் தப்பாகச் சொன்னார். நீ பார்க்காமலே சொன்னாய்.

அடுத்த மாதம் அஸ்திவாரம். இது கிடைத்த அன்றே அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள். நல்ல உடம்பும், தப்பை ஒப்புக்கொள்ளும் தைரியமும் உனக்கு அமையட்டும். மூடியை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், மேசையில் வைத்துக்கொள். குழியை நான் மூடவில்லை, நீ வந்து இறங்கிப் பார்த்த பிறகு மூடலாம்.

இப்படிக்கு,
குழி வெட்டி உன்னைப் படிக்கவைத்த அப்பா