எங்கள் கிணற்றில் நானே எழுதிய இலக்கம்

சிவமயம்

மூன்றாம் வாய்க்கால்,
குடியேற்றத் திட்டம்.
12-8-1962

அன்புள்ள மகள் கமலாசனிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், பதுளைக் குளிர் உன் நெஞ்சைப் பிடிக்காமல் நீயும் சுகமாயிருக்க வேண்டும். சிவப்புப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது, கொம்மாவின் முழங்கால் வலிதான் குறையவில்லை.

கிராமசங்கக் கிணறு வெட்டியாயிற்றா என்று இரண்டு கடிதத்தில் கேட்டாய், நான் மாட்டையும் மழையையும் எழுதி மழுப்பிவிட்டேன். இனி மறைக்க வழியில்லை. மாசியில், சங்கம் என்ன வேலை செய்தது என்று பார்க்க மேலிடத்துப் பரிசோதகர் வருவதாயிருந்தது. முதல்நாள் பின்னேரம் இளையதம்பி வந்தான், என்னோடு காடு வெட்டி, ஒரே கொட்டிலில் காய்ச்சலில் கிடந்தவன், நான் வீடுவீடாய் வாக்குக் கேட்டுச் சங்கத் தலைவராக்கியவன். அண்ணை, உங்கடை வீட்டுக் கிணத்தைச் சங்கக் கிணறெண்டு ஒருக்காக் காட்டுவம், சித்திரைக்குள்ளை உண்மையா வெட்டித் தாறன் என்றான். தலைவரே படலைக்கு வந்து கேட்கிறார் என்று எனக்கும் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. கிணற்றுக் கட்டுக்கு வெள்ளையடித்து, தாரால் சங்கக் கிணறு இலக்கம் நாலு என்று நானே எழுதி, சங்கம் வெட்டியதைக் கண்டதாகக் கையெழுத்தும் போட்டேன். எழுத்து அழகென்று பரிசோதகர் சொல்ல, ஐந்தாம் வகுப்புப் படித்த நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சித்திரை போய் ஆடியும் முடிகிறது. போன கிழமை இளையதம்பியிடம் கேட்கப் போனால் இருக்கக் கதிரைகூடத் தரவில்லை. உங்கடை வாய்க்காலுக்குக் கிணறு குடுத்தாச்சு, நீங்கள்தானே கையெழுத்துப் போட்டனீங்கள் என்று நாலுபேருக்கு முன்னால் சொன்னான். அண்ணை என்ற சொல்லும் வாயில் வரவில்லை. வாய்க்கால் வற்றி, பதினெட்டு வீடும் இப்போது நம் கிணற்றில்தான் அள்ளுகிறது, விடியவே சேறு வருகிறது. கைக்குழந்தையோடு வந்த அயல்வீட்டு நேசமலர் அந்தச் சேற்றுத் தண்ணீரைச் சீலையில் வடித்துக்கொண்டு, மாமா, எங்களுக்கு வரவேண்டிய கிணறு இதுதானோ என்று கேட்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

நேற்று பரிசோதகருக்கு எல்லாம் எழுதினேன், இளையதம்பி செய்ததையும் நான் செய்ததையும். பொய்க் கையெழுத்துக்குக் காணியைப் பறித்தாலும் பறிப்பார்கள், நீ கேள்விப்பட்டுக் கலங்காதே. வாக்குக் கேட்கப் போன சால்வையைப் போட்டுக்கொண்டே தபாற்கந்தோருக்குப் போங்கோ என்றா கொம்மா. வந்து அந்த இலக்கத்தைச் சுரண்டப் போனேன், அதற்கும் அவா விடவில்லை. இருக்கட்டும், அழகெண்டு சொன்ன மனிசன் கடிதத்தையும் கிணத்துக் கட்டையும் வைச்சு எழுத்தைப் பாக்கட்டும் என்கிறா.

நீ படிப்பிக்கிற பாடசாலையில் யார் தாளை நீட்டினாலும், கண்ணால் காணாததற்கு ஒப்பமிடாதே பிள்ளை. குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒரு குறையுமில்லாமல் நீ நீடு வாழ வேண்டும்.

உன் ஐயா,
க. ஐயாத்துரை