ஒரே அட்டையில் இரண்டு பேர்

என் பாசத்துக்குரிய மதினி,

கண்டனூர்க் கல்யாணத்துக்குப் படம் எடுத்து முடித்துக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வாக்குக் கொடுத்திருந்த கடைசி வேலை அது. காய்ச்சலென்று படுத்தவர் ஆறாம் நாள் போய்விட்டீர்கள். அதன்பிறகு எட்டு மாதம் உங்கள் கேமரா பீரோவுக்குள்ளேயே கிடந்தது. அண்ணன் அதைத் தொடவில்லை, யாரையும் தொட விடவுமில்லை. போன மாதம் கல்யாணப்பெண் வள்ளி போன் செய்தாள். "அவுக சொன்ன வார்த்தையை நம்பி வேற ஆளே பார்க்கலக்கா. நீங்களாவது வாங்க" என்றாள். அண்ணன் பீரோ சாவியை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேமராவை நீங்கள் வாங்கிவந்த அன்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போன்ல ஆயிரம் படம் எடுக்கிற காலத்துல, பத்து அட்டை போட்டா பத்தே படம் எடுக்கிற விளையாட்டுச் சாமானை வாங்கியாந்திருக்கீகளே மதினி!" நீங்கள் கோபப்படவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தபோதே ஒரு படம் எடுத்து, கேமராவிலிருந்து அப்போதே வெளியே வந்த அட்டையைக் கையில் கொடுத்தீர்கள். வெள்ளையாக இருந்தது. நான் அதை வேகமாக ஆட்டினேன். "ஆட்டாத செல்வி. சும்மா வச்சிரு, அதுவா வரும்" என்றீர்கள். வந்தது, என் முப்பத்திரண்டு பல்லும்.

பிறகு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கூட வந்தேன். விருந்தாளிகளின் அட்டைகளை ஆல்பத்தில் ஒட்டி, பக்கத்தில் அவர்களை வாழ்த்து எழுதவைப்பது என் வேலை. கேமராவை மட்டும் தொடமாட்டேன். எத்தனை முறை கூப்பிட்டீர்கள்? "அது உங்க வேலை மதினி" என்று தப்பித்துக்கொண்டேன். விலை கூடிய அட்டையை வீணாக்கிவிடுவேனோ என்ற பயம்தான். அதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை?

பயந்தபடியே நடந்தது. பீரோவிலிருந்து எடுத்த முதல் நாளே, உள்ளே பிலிம் இருக்கிறதா என்று பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டேன். நீங்கள் போட்டுவைத்த பிலிம் மதினி. நான்கு அட்டை மிச்சம் இருந்திருக்கிறது. நான்கும் வெளிச்சம் பட்டுப் பாழாகிவிட்டன. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் முதலில் சொல்கிறேன்.

அதன்பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து பழகினேன். மஞ்சள் கோட்டுக்கு மஞ்சள் கோடு பொருத்திப் புதுப் பிலிம் பெட்டியைப் போட்டேன். முதலில் வரும் கறுப்பு மூடி படமல்ல என்று தெரிந்துகொண்டேன். கிட்டத்தில் எடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தைவிட்டுப் படம் சற்றே விலகி விழும் என்பதை, உங்கள் மகளின் ஒரு காதை இழந்து கற்றேன்.

கல்யாணத்தன்று காலையில் வள்ளி என்னை ஓரமாக அழைத்துப்போனாள். அப்பச்சி என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றி ஐந்து வாரம்தான் ஆகியிருக்கிறது. யாரையும் அண்டவிடக் கூடாதென்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், வீட்டின் பின்கட்டில் கண்ணாடிக் கதவுக்குள் இருந்தார். வள்ளிக்கோ நான்கு நாளாகச் சளி. கதவுக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டிருக்கிறாள். "அப்பச்சி பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு படம் வேணும்க்கா" என்றாள். அவளுடைய தம்பி, "போன்ல ரெண்டு படத்தையும் ஒட்டிரலாம்" என்றான். "ஒட்டுப்போட்டது வேண்டாம்னு அப்பச்சி சொல்லிட்டாக" என்றாள் வள்ளி.

உங்கள் கேமராவில் ஒரே அட்டையில் இருமுறை எடுக்கிற வசதி உண்டே. அது ஞாபகம் வந்தது. நான் அதைச் செய்ததே இல்லை. ஆனாலும் சரியென்று சொல்லிவிட்டேன்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து, வாசற்படியிலேயே நின்று வள்ளியின் அப்பாவை, அந்த வீட்டு ஐயாவை எடுத்தேன். முற்றத்துக்கு வந்து வள்ளியை எடுத்தேன். அட்டை வெளியே வந்தது. ஐயா இருந்தார், வள்ளி இல்லை. அவள் நிற்கவேண்டிய பாதியில், ஐயாவுக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவர்தான் பளபளத்தது. அப்போதுதான் நீங்கள் ஒரு விருந்தாளியிடம் சொன்னது காதில் கேட்டது: "வெளிச்சமா இருக்கிற பக்கம் ரெண்டாவது ஆளு உக்கார முடியாதுண்ணே. இருட்டுதான் எடங்குடுக்கும்."

ஐயாவுக்குப் பின்னால் கறுப்புக் கம்பளியைக் கட்டச் சொன்னேன். "கையை எங்குட்டு வைக்கணும் ஆத்தா?" என்று கேட்டார். "உங்க மக தலை அங்குட்டு இருக்கும்ங்கய்யா" என்று காட்டினேன். காற்றில் கையை நீட்டி, இல்லாத தலையைப் பார்த்துச் சிரித்தார். அமுக்கினேன்.

ஐந்து நிமிடத்துக்குள் இரண்டாவது படத்தை எடுத்தாக வேண்டும். விட்டால் கேமரா தானாக அணைந்து, பாதிப் படத்தோடு அட்டையைத் துப்பிவிடும். அந்த வீட்டின் நீளம்தான் உங்களுக்குத் தெரியுமே! முற்றத்துக்கு ஓடும் வழியில், வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஓர் ஆச்சி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களையும் ஒண்ணு எடுத்துட்டுப் போ ஆத்தா."

"இப்ப அமுக்குனா நீங்க வீட்டய்யா மேல வந்து உக்காந்துருவீக ஆச்சி!"

அவர் பதறிப்போய்க் கையை விட்டார். நான் ஓடினேன். கறுத்த மரக்கதவுக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றிருந்த வள்ளியை எடுத்தேன். அட்டை வந்தது. யாரையும் ஆட்டவிடாமல் மேசையில் வைத்தேன். கல்யாண வீட்டில் பத்துப் பேர் ஒரு வெள்ளைத் தாளை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இருவரும் வந்தார்கள் மதினி. ஆனால் கை தலையில் விழவில்லை, காதருகே விழுந்திருந்தது. "தப்பாப் போச்சும்மா" என்றேன். வள்ளி தலையாட்டினாள். "இல்லக்கா. சின்னப்பிள்ளைல காதைப் பிடிச்சுத்தான் என்னை எழுப்புவாக." படத்தைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினேன். உள்ளே ஐயா வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் காதைத் தானே பிடித்து மகளுக்குக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், கை கழுவிவிட்டு வந்து மெதுவாகக் கேட்டார்: "அவளையும் என்னையும் அந்த மாதிரி ஒரு அட்டைல போட முடியுமா செல்வி?"

"முடியாதுண்ணே. ஆளு எதிர்ல இருந்தாத்தான் எடுக்க முடியும்" என்றேன்.

அண்ணன் எழுந்தார். "சரி, அப்ப என்னை மட்டும் எடு" என்றார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, பெஞ்சில் ஓரமாக, உங்களுக்கு இடம்விட்டு உட்கார்ந்தார். நான் எடுக்கவில்லை. "நடுவுல உக்காருங்கண்ணே" என்றேன். நகர மனமில்லை அவருக்கு. உங்கள் மகள் ஓடிவந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்து அவரை இடித்துத் தள்ளினாள். அப்போது அமுக்கினேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணன் சிரித்தது அட்டையில் இருக்கிறது.

கேமராவை நான் வைத்துக்கொள்கிறேன் மதினி. உங்கள் வாக்கு போன இடமெல்லாம் போவேன். உங்கள் வீட்டுக்காரரைத் தனியே ஓரத்தில் உட்காரவும் விடமாட்டேன்.

இப்போதுதான் அமுக்கக் கற்றுக்கொண்ட உங்கள் நாத்தனார்,
பாண்டிச்செல்வி
கோட்டையூர்