ஃபாண்டன்டுக்கு அடியில் இருந்த கேக்

என் ஆசை அமுதாக்கா,

நீங்கள் இருக்கும் இடத்தில் யாராவது பிறந்தநாள் கொண்டாடுகிறார்களா? இங்கே புதுச்சத்திரத்தில் கொண்டாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேக் ஆர்டர் குறையவே இல்லை. போன ஐப்பசியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. காரியம் முடிந்த கையோடு நான் ஓவனைப் போட்டுவிட்டேன். முதலில் அதற்கே நீங்கள் என்னைத் திட்ட வேண்டும்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். ஓரம்படியாள் இரண்டு பேர் ஒரே சமையலறையில் நின்றால் கரண்டி பறக்கும் என்று சொந்தபந்தமெல்லாம் காத்திருந்தது. நாம் என்னடாவென்றால் கூட்டுச் சேர்ந்து கேக் விற்க ஆரம்பித்தோம். அதில் பலபேருக்கு ஏமாற்றம்தான்.

சேலத்தில் போய்க் கற்றுக்கொண்ட அந்த ஒருநாள் வகுப்பு நினைவிருக்கிறதா? ஃபாண்டன்டைக் கையில் கொடுத்ததும், "ஏனுங்க, இது சப்பாத்தி மாவுங்களா?" என்று டீச்சரிடம் கேட்டீர்கள். சர்க்கரையில் பிசைந்த மாவு அது. தேய்த்துக் கேக்கின்மேல் போர்த்தி, மிச்சத்தில் பூவும் பொம்மையும் பிடிக்க வேண்டும். எனக்கு உடனே வசப்பட்டது. உங்கள் கைச்சூட்டுக்கு மாவு இளகி விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. நீங்கள் செய்த ரோஜாவைப் பார்த்து, "முட்டைக்கோசுங்களாக்கா?" என்று கேட்டேன். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அதைச் சொல்லியே சிரித்தோம்.

"எனக்கு இது ஆவாது கண்ணு. நீ மேல பாத்துக்க, நான் அடியில பாத்துக்கறேன்" என்றீர்கள். நமக்குள் வேலை பிரிந்தது அப்படித்தான்.

நம் கோழிப்பண்ணையில் கீறல் விழுந்த முட்டைகளை எடுத்து வந்து, டம்ளரில் அளந்து, என்னவோ செய்து நீங்கள் கேக்கைச் சுட்டு வைப்பீர்கள். நான் அதன்மேல் லாரி செய்வேன், மயில் செய்வேன், தொட்டில் குழந்தை செய்வேன். வருகிறவர்கள் போட்டோ எடுப்பது என் லாரியைத்தான். "உங்க கையில என்னமோ இருக்குதுங்க" என்று யாராவது சொன்னால் வாயெல்லாம் பல்லாக நிற்பேன். உள்ளே இருப்பது அக்கா செய்தது என்று ஒரு தடவையாவது சொன்னேனா? பக்கத்தில்தான் டப்பாவைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருக்கலாம்.

இத்தனைக்கும், நம் ஊர்க்காரர்கள் ஃபாண்டன்டைத் தின்பதில்லை. தித்திப்பு திகட்டுகிறது என்று உரித்துத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு உள்ளே இருப்பதைத்தான் சாப்பிடுவார்கள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

"மாவு கலக்கறத ஒருக்கா வந்து பாரு சாமி, நான் இல்லாதப்ப ஒதவும்" என்று கூப்பிடுவீர்கள். நீங்கள் எங்காவது ஊருக்குப் போகிற அன்றைக்கு உதவும் என்கிற கணக்கில்தான் சொல்லியிருப்பீர்கள். "இருங்கக்கா, இந்தச் சக்கரத்த ஒட்டிட்டு வாரேன்" என்பேன். நான் சக்கரத்தை ஒட்டி நிமிர்வதற்குள் கேக் ஓவனுக்குள் போயிருக்கும்.

நீங்கள் போன பிறகு நான் சுட்ட கேக்குகள் நடுவில் குழி விழுந்தன. குழியில் க்ரீமை அடைத்தேன். அதன்மேல் ஃபாண்டன்டை முன்னைவிடத் தடிமனாகத் தேய்த்து மூடினேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. ருசி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம், "எங்க அக்கா கேக்குங்க, அதே பக்குவம்" என்று சொல்லத் தொடங்கினேன். செத்தவர் பேரைச் சொன்னால் யாருக்குக் குறை சொல்ல வாய் வரும்? இருந்தபோது சொல்லாத பேரை, இல்லாதபோது குழியை மூட எடுத்துக்கொண்டேன்.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டிக்காரர் வீட்டு விசேஷம். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியை அப்படியே, குழாய் குழாயாக அடுக்கிச் செய்து கொடுத்தேன். குழந்தை முதல் கிழவர் வரை பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். கேக் ஸ்டாண்டைத் திரும்ப எடுக்கக் காத்திருந்தபோது, சாப்பிட்டு வைத்த தட்டுகள் கண்ணில் பட்டன. ஃபாண்டன்ட் ஓரமாகக் கிடந்தது. பக்கத்திலேயே கேக்கும் கிடந்தது, ஒரு கடி கடித்தபடி. தட்டுக்குத் தட்டு அப்படித்தான். எனக்குக் கூசிப்போயிற்று.

அந்த வாரத்தில்தான் உங்கள் மகள் தாரணி பிறந்தநாள் வந்தது. வருஷம் திரும்பாமல் எதுவும் வேண்டாம் என்றுதான் அவள் அப்பா, என் மாமா, சொன்னார். பிறகு மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்குள்ளயே ஒரு கேக் வெட்டிக்கட்டும்" என்றார். நான் துள்ளிக் குதித்தேன். இளவரசி செய்யட்டுமா, மான்குட்டி செய்யட்டுமா என்று உங்கள் மகளைக் கேட்டேன்.

"மேல ஒண்ணும் வேண்டாமுங்க சித்தி. அம்மா செய்யற கேக் மட்டும் போதுமுங்க."

அதே பக்குவம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அல்லவா நான். சரி சாமி என்று தலையாட்டிவிட்டேன்.

நாளெல்லாம் சுட்டுப் பார்த்தேன். ஒன்று வறண்டது, ஒன்று அடியில் களியாக நின்றது. முட்டையை நீங்கள் எவ்வளவு நேரம் அடித்தீர்கள்? பாலைச் சூடாக ஊற்றினீர்களா, ஆறவைத்தா? இத்தனை வருஷம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பொம்மைக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தேனே!

பிறந்தநாளன்று எடுத்த கேக்கிலும் குழி. கை தானாக ஃபாண்டன்ட் டப்பாவுக்குப் போனது. திறந்து, கொஞ்சம் எடுத்துப் பிசையவும் பிசைந்தேன். பிறகு டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடிவிட்டு, குழியோடும் வெடிப்போடும் அந்த மொட்டைக் கேக்கைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

வெட்டினாள். அப்பாவுக்கு ஊட்டினாள். தானும் தின்றாள். நிதானமாகத்தான் தின்றாள். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அம்மா கேக் மாதிரி இருக்குதா சாமி?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லீங்க சித்தி" என்றாள். கோபம் இல்லை. இன்னொரு துண்டைக்கூட எடுத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்து, "எல்லாருகிட்டயும் இத அம்மா கேக்குன்னு சொல்லாதீங்க சித்தி. கேட்டுக் கேட்டு, அது எப்புடி இருந்துச்சுன்னு எனக்கு மறந்துபோயிருமுங்க" என்றாள்.

மாமா எழுந்து வெளியே போனார். நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். அவள்தான் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

என்னை மன்னியுங்கள் என்று எழுதக் கை வரவில்லை அக்கா. ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனி என் கேக்கை என் பேரில்தான் கொடுப்பேன். நன்றாக இல்லையென்று யாராவது முகத்தைச் சுளித்தால் அந்தச் சுளிப்பும் எனக்கே. அக்கா கேக் கிடைக்குமா என்று கேட்டால், அது அக்காவோடு போய்விட்டதுங்க என்று சொல்வேன். உங்கள் கேக் இப்போது தாரணியின் நாக்கில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. அதை நான் தொட மாட்டேன்.

உங்கள் ஓரம்படியாள்,
தாரணிக்குச் சித்தி,
கோகிலா