பதினாலு வேட்டு

பிப்ரவரி 8, ஞாயிறு

ரொட்டி வண்டி இன்று அரை மணி தாமதம். கூடையைக் கயிற்றில் இறக்கிவிட்டுக் காத்திருந்தபோதே முதல் வேட்டு. எண்ணினேன். மொத்தம் இருபது. நீல மன்றத்துக்காரர்களுக்குக் கை கொள்ளாத சந்தோஷம். நேற்று தேசியச் சுற்றில் விட்டோரினின் பேத்தி டோரியானா ஜெயித்துவிட்டாள். மே மாதம் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் மால்டாவுக்காகப் பாடப்போவது அவள்தான். என் மகள் வயிற்றுப் பேத்தி லியாண்ட்ரா இரண்டாவது. இரண்டே இரண்டு புள்ளி.

விட்டோரின் எதிர்வீடு. எங்கள் தெருவில் கை நீட்டினால் எதிர்ப் பால்கனியில் காயும் துணியைத் தொடலாம். ஆனால் முப்பத்தியொரு வருஷமாகப் பேச்சில்லை. அவள் நீல பேண்டு வாத்திய மன்றம், நான் சிவப்பு. அது காரணமில்லை. ஊரில் பாதி அது, பாதி இது. காரணம் 1994 செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை. ஏதோ வாத்தியப் போட்டியில் நீலம் ஜெயித்த செய்தி அன்றைக்குத்தான் வர வேண்டுமா? என் புருஷன் சால்வுவின் சவப்பெட்டி வாசற்படியைத் தாண்டும்போது முதல் வேட்டு. கோயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் பதினாலு. வைத்தது விட்டோரினின் புருஷன் ஜான்னி. பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே நான் ஒவ்வொன்றையும் எண்ணினேன். மறுநாள் பால்கனியின் தெருப்பக்கக் கதவை நாலு ஆணி அடித்து மூடினேன். ரொட்டிக் கூடையைப் பக்கவாட்டு ஜன்னல் வழியாகத்தான் இறக்குகிறேன். பின்னால் ஜான்னி செத்தபோது நான் போகவில்லை.

பிப்ரவரி 9

லியாண்ட்ரா அறையை விட்டு வரவில்லை. கதவுக்கு வெளியே வைத்த சூப்பைப் பூனை குடித்தது.

மார்ச் 1, ஞாயிறு

 

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். லியாண்ட்ரா வந்து எதிரே உட்கார்ந்தாள். "பாட்டி, ஒண்ணு சொல்றேன், கத்தாம கேளு. சான் மரினோக்காரங்க கூப்பிட்டிருக்காங்க. போட்டியில அவங்களுக்காகப் பாடப்போறேன்."

"அது வேற நாடுடி."

"ஆமா. குட்டி நாடு, ஆள் கம்மி. வெளியிலேருந்து கூப்பிட்டுக்குவாங்க. எல்லாரும் பண்றதுதான் பாட்டி."

"நாளைக்கு நீலச் சட்டை போட்டுக்கிட்டு விட்டோரின் மன்றத்துல வாசிக்கப் போவியா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

ஒன்றில்லாமல் என்ன? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருத்தரும் நிறம் மாறினதில்லை. இவள் ஒரு நாட்டையே மாற்றிவிட்டு வந்து உருளைக்கிழங்குத் தோலைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன சொல்லித் திட்டுவது என்றே வரவில்லை. எனக்கு. எனக்கே வரவில்லை.

மார்ச் 4

பேசவில்லை. அவளும் பேசவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்து விஸ்தின் வந்தான். சிவப்பு மன்றத்தின் செயலாளர், லியாண்ட்ராவுக்கு ஞானத்தந்தை. முகமெல்லாம் பல்.

"செட்டா அக்கா, கோவப்படுறதுக்கு முன்னாடி யோசிச்சுப் பாருங்க. சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாதுல்ல? இத்தனை வருஷமும் போனைக் கையில வச்சுக்கிட்டு எவனோ ஒருத்தனுக்குத்தான போட்டோம்? இப்ப நம்ம வீட்டுப் பொண்ணு வேற கொடியில நிக்குது. தாராளமாப் போடலாம். போனுக்குப் பத்து ஓட்டு. மன்றம் மொத்தமும் போடும்."

எனக்கு இது தோன்றவேயில்லை. அப்படியானால் விட்டோரின்? தன் பேத்திக்கு ஒரு ஓட்டுக்கூடப் போட முடியாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பத்துப் போடுவேன். வெகுநாள் கழித்து வயிறு குலுங்கச் சிரித்தேன். மதியம் முயல் குழம்பு வைத்தேன். "உப்பு போதுமா?" என்று லியாண்ட்ராவைக் கேட்டேன். "போதும் பாட்டி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கழுதை.

ஏப்ரல் 30

கிளம்பிவிட்டாள். இரண்டு நாடும் ஒரே அரையிறுதியில் விழுந்திருக்கின்றன. மே 12, செவ்வாய். பதினைந்து நாடு பாடும், பத்துக்குத்தான் இறுதிச் சுற்று.

வாசலில் நின்று சொன்னாள்: "இதுலயும் போச்சுன்னா நான் இங்க வரமாட்டேன் பாட்டி. லண்டன்ல சித்திகிட்டயே இருந்துடுவேன். சொந்த நாடும் வேணாம்னுடுச்சு, வந்த நாடும் ஜெயிக்கலன்னு இந்தத் தெருவுல எப்படி நடப்பேன்?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அலமாரியைத் திறந்தேன். குளிர்காலத் துணி ஒன்றுகூட இல்லை. மே மாதத்துக்கு எதற்குக் கம்பளிக் கோட்டு?

மே 10, ஞாயிறு

மறக்கமாட்டேன், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். காலை பத்தேகால். விஸ்தின் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தான். உட்காரவில்லை.

"அக்கா, நேத்து கமிட்டி கூடிச்சு. நாம போட வேணாம்னு முடிவு."

"எதுக்கு?"

"லியாண்ட்ராவுக்கு." தரையைப் பார்த்தான். "பத்து இடந்தான் இருக்கு. அவ உள்ள வந்து டோரியானா வெளிய போயிட்டா? மால்டாவுக்குக் குழி பறிச்சது சிவப்பு மன்றந்தான்னு காலத்துக்கும் பேசுவாங்க."

"ஞானஸ்நானத்துக்கு அவள ஏந்துனது உன் கைதானடா."

"என் கைதான். இல்லங்கல. ஆனா நாடுன்னு ஒண்ணு இருக்கே அக்கா."

மார்ச் மாதம் அந்த நாடு எங்கே போயிருந்தது?   எதிரியிடம் அடி வாங்கியிருக்கிறேன், அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு. இவன் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தின்றவன். போகும்போது மேசையிலிருந்து ஒரு பேரிக்காய் எடுத்துக்கொண்டு போனான். அதையும் எழுதிவைக்கிறேன்.

மே 13, புதன், காலை

நேற்று பத்து ஓட்டும் நான் ஒருத்தியே போட்டேன். கண்ணாடி இரண்டு தடவை கழன்று விழுந்தது. லியாண்ட்ரா நன்றாகப் பாடினாள். வேறு கொடி. தொண்டை நம் தொண்டை.

பிறகு பெயர் வாசித்தார்கள். நாலாவதாக மால்டா. காதைப் பொத்திக்கொண்டேன், எதிர்ப்பக்கம் வேட்டு கிளம்புமே என்று. ஒன்றும் வரவில்லை. ஏழு. எட்டு. ஒன்பது. தொலைக்காட்சியை அணைக்க எழுந்தேன். லண்டனில் குளிர் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே எழுந்தேன், அது ஞாபகம் இருக்கிறது. பத்தாவது: சான் மரினோ.

 அப்புறம்தான் நீல மன்றத்து வேட்டு கிளம்பியது. மால்டாவுக்கு அப்போதே போடாமல் எதற்காகக் காத்திருந்தார்கள்? வேட்டிலும் சோம்பேறிகள். எத்தனை என்று எண்ணவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எண்ண மறந்துபோனேன்.

மே 17, ஞாயிறு

இறுதிச் சுற்று முடிந்தது. டோரியானா பன்னிரண்டாவது, லியாண்ட்ரா பத்தொன்பதாவது. இரண்டு பேரும் மேடைக்குப் பின்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் படம் ஊர் முழுக்கப் போனில் சுற்றுகிறது.

நான் எழுத வந்தது அதை அல்ல. அரையிறுதியில் எந்த நாட்டு மக்கள் யாருக்குப் போட்டார்கள் என்ற பட்டியல் இன்று வந்துவிட்டது. விஸ்தின் போன் பண்ணினான். எடுத்தேன். அவன்தான் பேசினான். மால்டா மக்களின் பன்னிரண்டு புள்ளி, ஒரு நாடு கொடுக்கக்கூடியதிலேயே பெரியது, சான் மரினோவுக்குப் போயிருக்கிறது. பத்தாவதாக வந்த லியாண்ட்ராவுக்கும் பதினொன்றாவதுக்கும் நாலே புள்ளிதான் வித்தியாசம். "நாங்க இல்லக்கா. சத்தியமா எங்க ஆள் ஒருத்தரும் போடல" என்றான். குற்றம் சாட்டினதுபோலப் பதறுகிறான்.

நம்புகிறேன். அவனுக்கு அவ்வளவு நெஞ்சு கிடையாது. என் பத்தில் பன்னிரண்டு புள்ளி வராது. அப்படியானால் யார்?

மே 19, செவ்வாய்

லியாண்ட்ரா வந்துவிட்டாள். கோட்டு, கம்பளி, எல்லாம் பெட்டியோடு. டோரியானாவோடு ஒரே விமானத்தில் வந்திருக்கிறாள். தக்காளி தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டே, ஏதோ தெருக்கதை சொல்கிறவள்போலச் சொன்னாள்.

"டோரியானா சொன்னா பாட்டி. அவங்க பாட்டிதான் நீல மன்றத்து ஆளுங்க வீட்டுக்கெல்லாம் போயிருக்காங்க. 'நம்ம தெருப் பொண்ணு, போடுங்க'ன்னு. மன்றத்துல சண்டையாம். 'உன் பேத்தியே வெளிய போயிட்டா என்ன பண்ணுவ கிழவி'ன்னு கேட்டாங்களாம். 'போனா வீட்டுக்குத்தான வருவா. எதிர்வீட்டுப் பொண்ணு போனா வரமாட்டா'ன்னாங்களாம். கோட்டு எடுத்துட்டுப் போனத அவங்க பால்கனியிலேருந்து பாத்திருக்காங்க."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"அந்த முட்டி வலியோட வீடு வீடா ஏறி இறங்கியிருக்காங்க. போன வீட்டுக்காரங்க எல்லாரும் சொந்தக்காரங்களயும் கூப்பிட்டுப் போடவச்சாங்களாம். பதினாலு வீடு பாட்டி."

"எத்தனை?"

"பதினாலு. பதினஞ்சாவது வீட்டுக்காரங்க அவங்களே கூப்பிட்டிருக்காங்க, டோரியானா பாட்டிதான் வேணாம்னுட்டாங்களாம். முட்டி தாங்கல போல."

முட்டியாம்.

ஆக, அவளும் எண்ணியிருக்கிறாள். பெட்டி போன அன்றைக்கு, ஜன்னலுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வேட்டாக. முப்பத்தியொரு வருஷம் அந்தக் கணக்கு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 20, புதன்

நாலு ஆணியில் மூன்று வந்துவிட்டன. நாலாவது மரத்தோடு மரமாகத் துருவேறிக் கிடக்கிறது. சுத்தியலுக்கு மசியவில்லை. இதற்கெல்லாம் விஸ்தினைத்தான் கூப்பிடுவது வழக்கம். அவன் இனி என் வாசற்படியை மிதிக்கமாட்டான். பேரிக்காய்க் கள்ளன்.

நான் தட்டும் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், எதிர்ப் பால்கனியிலிருந்து ஒரு குரல். குரல்கூடக் கிழடாகிவிட்டது, அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"குறடு இருக்கு. எங்க வீட்டுக்காரரோடது. வேணுமா?"

 பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து ரொட்டிக் கூடையை இறக்கினேன்.

அவள் படியிறங்கி வர ரொம்ப நேரம் ஆனது. முட்டி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.